கத்தரிக்கோலே தூரிகையாக

பிரான்சின் வடபகுதியிலுள்ள லெ காத்தோ என்னும் சிற்றூரில் 1869ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் பிறந்தவர் ஆன்றி மத்தீஸ். சட்டம் பயின்று, வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவர், இருபதாம் வயதில் குடல்வால் அழற்சியால் படுக்கையுற்றார். அப்போது அன்னையார் வாங்கித் தந்த வண்ணப்பெட்டி அவரது வாழ்வின் திசையை மாற்றியது. தந்தையாரின் மனக்குறையையும் மீறிச் சட்டத்தைத் துறந்து, பாரிசில் ஓவியம் கற்றார். அடர்வண்ண ஓவியங்களால் உலகப்புகழ் பெற்றார்.

1941இல் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்ட அறுவை மருத்துவம் அவர் உயிரைக் காத்தது; ஆயினும் நெடுநேரம் நின்று ஓவியம் தீட்டும் வலிமையைப் பறித்தது. படுக்கையும் சக்கர நாற்காலியுமே வாழ்விடமாயின. எழுபதைக் கடந்த அக்கலைஞர் சோர்ந்துவிடவில்லை. தூரிகைக்கு மாற்றாகக் கத்தரிக்கோலை ஏந்தினார். உதவியாளர்கள் வெண்தாள்களில் வண்ணம் பூசித் தந்தனர். அவற்றை அவர் இலைகளாகவும் பறவைகளாகவும் கடற்பாசிகளாகவும் வெட்டினார். வெட்டிய துண்டுகளைச் சுவரில் ஊசியால் பொருத்தச் செய்து, மனம் நிறைவுறும்வரை இடம் மாற்றிப் பார்த்தார். 1953இல் உருவான 'நத்தை' ஏறத்தாழ மூன்று மீட்டர் சதுரப் பரப்புடையது. சில வண்ணத்தாள் துண்டுகளே சுருள்வடிவில் அமைந்து நத்தையாகின்றன.

1954 நவம்பர் 3ஆம் நாள் நீஸ் நகரில் மத்தீஸ் மறைந்தார். இன்று பல நாடுகளின் பள்ளிகளில் மாணவர்கள் வண்ணத்தாள்களை வெட்டியொட்டித் தத்தம் நத்தைகளைப் படைக்கின்றனர். வரையத் தெரியாது எனத் தயங்கும் மாணவரும் அவ்வகுப்பில் கத்தரிக்கோலைக் கையிலெடுக்கின்றனர். இயலாமையிலிருந்து பிறந்த கலை, இயலாது என்போர்க்கும் வழிகாட்டுகிறது.