உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்: பெஞ்சமின் ஃபிராங்க்ளினை 50 ஆண்டுகள் வாட்டிய ஒரு தாமதம்

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இடிதாங்கியை உருவாக்கியவர், பத்திரிகையாளர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். அவரையே 50 ஆண்டுகளுக்கு மேல் வாட்டிய தாமதம் ஒன்று உண்டு. மகனுக்குப் பெரியம்மைத் தடுப்பு போடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டார். அவ்வளவுதான்.

அச்சுக்கூடத்துச் சிறுவன்

1706-ல் பாஸ்டனில் பிறந்தார் ஃபிராங்க்ளின். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15-வது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

1721-ல் பாஸ்டனைப் பெரியம்மை தாக்கியது. ஊரின் மக்கள்தொகையே சுமார் 11,000தான். அதில் பாதிப் பேருக்கு மேல் நோய் தொற்றியது. 844 பேர் இறந்தார்கள்.

தடுப்பூசி அப்போது கிடையாது. அதற்கு முன்னோடியான ஒரு முறை இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் சீழ் எடுத்து, ஆரோக்கியமானவரின் கையில் சிறு கீறல் போட்டு அதில் வைப்பார்கள். அவருக்கும் அம்மை வரும். ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும், மறுபடி வராது. ஆப்பிரிக்காவில் இந்த வழக்கம் இருப்பதை, அங்கிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒனிசிமஸ் என்பவர்தான் மதபோதகர் காட்டன் மேதரிடம் சொன்னார். மேதர் ஊர் மருத்துவர்களிடம் எடுத்துச் சொன்னார். துணிந்து முன்வந்தவர் சாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர். முதலில் தன் 6 வயது மகனுக்கே செய்து பார்த்தார்.

ஊர் கொந்தளித்தது. மேதரின் வீட்டுக்குள் வெடிகுண்டு வீசினார்கள். இந்த எதிர்ப்புக்கு மேடை போட்டுக் கொடுத்தது, ஜேம்ஸ் அப்போது புதிதாகத் தொடங்கிய நியூ இங்கிலாந்து கூரன்ட் பத்திரிகை. அந்த அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த 15 வயதுப் பையன்தான் பெஞ்சமின்.

கடைசியில் கணக்கு என்ன சொன்னது? இயல்பாக நோய் தொற்றியவர்களில் ஏறக்குறைய 7 பேருக்கு ஒருவர் இறந்திருந்தார். சீழ் வைத்துக்கொண்ட சுமார் 240 பேரில் இறந்தவர்கள் 6 பேர்.

ஆதரித்தவர் வீட்டிலேயே...

1723-ல் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு ஃபிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார் ஃபிராங்க்ளின். 1729-ல் பென்சில்வேனியா கெசட் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. அண்ணனின் பத்திரிகை எதிர்த்த அதே முறை ஃபிலடெல்பியாவில் நல்ல பலன் தருவதாக 1731-ல் தன் பத்திரிகையில் செய்தி போட்டார். 1735-ல் தீ விபத்துகளைப் பற்றி எழுதும்போது, வந்தபின் சரிசெய்வதைவிட வருமுன் காப்பதே பல மடங்கு மேல் என்று வலியுறுத்தியவரும் அவர்தான்.

1732-ல் அவருக்கும் மனைவி டெபோராவுக்கும் பிறந்தான் ஃபிரான்சிஸ். செல்லமாக ஃபிராங்கி. அவனுக்கும் தடுப்பு போட ஃபிராங்க்ளின் முடிவு செய்திருந்தார். ஆனால் பையனுக்கு வெகுநாளாக வயிற்றுப்போக்கு, உடம்பு தேறவில்லை. கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று காத்திருந்தார். அது அலட்சியம் இல்லை. உடம்புக்குள் செலுத்தப்படுவது உயிருள்ள பெரியம்மைக் கிருமி என்பதால், பலவீனமான குழந்தைக்குப் போட யார்தான் தயங்க மாட்டார்கள்?

ஆனால் நோய் காத்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் ஃபிராங்கிக்குப் பெரியம்மை தொற்றியது. 1736 நவம்பர் 21 அன்று இறந்துபோனான். வயது 4.

துக்கத்தின் நடுவே ஒரு மறுப்பு

அதோடு முடியவில்லை. தடுப்பு போட்டதால்தான் ஃபிராங்க்ளினின் மகன் செத்தான் என்று ஊரில் வதந்தி பரவியது. அதைக் கேட்டு மற்ற பெற்றோரும் தயங்குவார்கள் என்று ஃபிராங்க்ளினுக்குத் தெரியும். மகன் இறந்து 6 வாரம்கூட ஆகாத நிலையில், தன் பத்திரிகையிலேயே விளக்கம் வெளியிட்டார். பையனுக்குத் தடுப்பு போடவே இல்லை, இயல்பாகத் தொற்றிய நோயில்தான் இறந்தான், அந்த முறை பாதுகாப்பானது என்றே இப்போதும் நம்புகிறேன் என்பதுதான் அதன் சாரம்.

1743-ல் மகள் சாரா பிறந்தாள். அவளுக்கு 3 வயது நிரம்பும் முன்பே, 1746 ஏப்ரலில், தடுப்பு போட்டுவிட்டார்.

1759-ல் லண்டனில் இருந்தபோது, வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஒரு சிறு பிரசுரம் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இலவசமாக விநியோகிக்கத்தான் அது அச்சிடப்பட்டது. செய்முறையை ஹெபர்டன் எழுத, முன்னுரையில் ஃபிராங்க்ளின் எண்களை அடுக்கினார். 1750-களில் பாஸ்டனில் மறுபடி வந்த பெரியம்மையில், இயல்பாக நோய் வந்த சுமார் 5,500 பேரில் 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடுப்பு போட்டுக்கொண்ட சுமார் 2,100 பேரில் இறந்தவர்கள் ஏறக்குறைய 30 பேர்.

1772-ல், மகன் இறந்து 36 ஆண்டு கழித்து, தங்கை ஜேனுக்கு எழுதிய கடிதத்தில், ஃபிராங்கியை நினைத்தால் இன்றும் பெருமூச்சு வருகிறது என்று குறிப்பிட்டார். 1788-ல், 82 வயதில், சுயசரிதையில் மறுபடி அதைத் தொட்டார். இந்த முறை பெற்றோருக்காக. தடுப்பு போட்டு ஏதாவது ஆகிவிட்டால் நம்மை நாமே மன்னிக்க முடியாதே என்று பயந்து பலர் போடாமல் விடுகிறார்கள். போடாமல் விட்டுக் குழந்தையை இழந்தாலும் அதே வேதனைதான். அப்படியானால் எதில் ஆபத்து குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்றார்.

1790-ல் ஃபிராங்க்ளின் இறந்தார். 6 ஆண்டு கழித்து, 1796-ல், எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையிலிருந்து எடுத்ததைக் கொண்டு அம்மை குத்தி, பாதுகாப்பான வழியைக் காட்டினார். 1980-ல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்று நமக்கு என்ன?

அவருக்கு இருந்த தர்மசங்கடம் இன்றைய பெற்றோருக்கு இல்லை. இன்றைய தடுப்பூசிகள் நோயையே கொடுத்து நோயைத் தடுப்பவை அல்ல. லேசான சளி, இருமல், லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு இருந்தால் பொதுவாகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடும் காய்ச்சலோ தீவிர நோயோ இருந்தால் மருத்துவர் முடிவு செய்வார்.

இந்தியாவின் தேசிய அட்டவணையில் பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 முதல் 12 மாதத்தில், 16 முதல் 24 மாதத்தில், 5 முதல் 6 வயதில், 10 மற்றும் 16 வயதில் தடுப்பூசிகள் உள்ளன. நடுவில் ஒரு தவணை விட்டுப்போனால் பொதுவாக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிலவற்றுக்கு வயது வரம்பு உண்டு என்பதால் எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

போடாமல் காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதிலும் ஆபத்து உண்டு. ஃபிராங்க்ளின் அதைத் தெரிந்துகொண்டது ஃபிராங்கியை இழந்த பிறகு. வீட்டில் குழந்தை இருந்தால், தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்து அடுத்த தேதியைப் பார்த்துவிடுங்கள்.