தவிட்டில் கிடந்த உண்மை

பெரிபெரி என்னும் நோயின் பெயரை இன்றைய மாணவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்கிழக்காசிய மக்கள் அந்நோய்க்குப் பெரிதும் அஞ்சினர். முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கும். இறுதியில் இதயம் செயலிழந்து உயிர் பிரியும். படைவீரர், கைதிகள், சுரங்கத் தொழிலாளர், மாலுமிகள் எனக் கூட்டமாக வாழ்ந்தவர்களையே அது அதிகம் தாக்கியது. ஒரே கூரையின்கீழ் பலரும் அடுத்தடுத்து நோயுற்றதால், மருத்துவர்களுள் பலர் அதனைத் தொற்றுநோய் என்றே கருதினர். அதே எண்ணத்தோடு ஜாவாவுக்கு வந்து, அதற்கு நேர்மாறான உண்மைக்கு வழிதிறந்தவர் கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர்.

எய்க்மன் 1858ஆம் ஆண்டு நெதர்லாந்தில் நெய்கெர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். பெற்றோருக்கு அவர் ஏழாவது பிள்ளை. ஆம்ஸ்டர்டாமில் இராணுவ மருத்துவக் கல்வி பயின்று 1883இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, இன்றைய இந்தோனேசியாவான டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு இராணுவ மருத்துவராகக் கப்பலேறினார். செமாராங், சிலாச்சாப் முதலிய ஊர்களில் பணியாற்றியபோது மலேரியா அவரைப் பீடித்தது. உடல் தளர்ந்து 1885இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே அவருடைய மனைவி காலமானார். முப்பது வயதை எட்டுமுன் இத்தனை துன்பங்களைக் கண்டவர், வெப்பமண்டல நாடுகளின் பக்கமே திரும்பாமல் இருந்திருந்தாலும் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவரோ பெர்லினுக்குச் சென்று, காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து புகழ்பெற்ற ராபர்ட் கோக் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் டச்சு அரசுக்குப் பெரிபெரி ஒரு பெரும் தலைவலியாக இருந்தது. சுமத்திராவின் ஆச்சே பகுதியில் போரிட்ட வீரர்கள் பலர் எதிரியின் குண்டுக்கு அல்லாமல் இந்நோய்க்கு இரையாயினர். அதன் காரணத்தைக் கண்டறிய, பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இரு பேராசிரியர்களை அரசு 1886இல் ஜாவாவுக்கு அனுப்பியது. எய்க்மனும் அவர்களோடு இணைந்தார். சில மாத ஆய்வுக்குப்பின், ஒருவகை நுண்ணுயிரே காரணம் என்ற கருத்தோடு அவ்விருவரும் நாடு திரும்பினர். பணியைத் தொடரும் பொறுப்பு எய்க்மனிடம் வந்தது. 1888இல், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், இராணுவ மருத்துவமனையில் அமைந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக அவர் பொறுப்பேற்றார்.

நோயாளியின் இரத்தத்தைக் கோழிகளுக்குச் செலுத்தினால் அவையும் நோயுறும் என்று எய்க்மன் எதிர்பார்த்தார். சில கோழிகளுக்கு ஊசி போட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலவற்றை அப்படியே விட்டார். 1889ஆம் ஆண்டு ஜூலை மாதம் கோழிகள் நிற்க முடியாமல் தள்ளாடின. பின்னர்ப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தன. அறிகுறிகள் மனிதரின் பெரிபெரியை ஒத்திருந்தன. ஆனால், ஊசி போடாத கோழிகளும் அவ்வாறே விழுந்தன! ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் பரவியிருக்கலாம் என எண்ணி, அவர் சில கோழிகளைத் தனியிடத்தில் வைத்தார். அவையும் தப்பவில்லை. எந்தக் கிருமியும் அகப்படவும் இல்லை. நவம்பர் மாத இறுதியில், மருந்து ஏதும் கொடுக்காமலேயே, எஞ்சிய கோழிகள் எழுந்து நடமாடத் தொடங்கின.

இதனை ஒரு தற்செயல் என்று ஒதுக்கிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது எளிது. எய்க்மன் அவ்வாறு ஒதுக்கவில்லை. அம்மாதங்களில் கோழிகளைச் சுற்றி என்னவெல்லாம் மாறியது என்று விசாரித்தார். ஆய்வுக்கூடப் பணியாளர் செலவைக் குறைப்பதற்காக, ஜூன் மாதம் முதல் மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்தார் என்பது தெரிய வந்தது. நவம்பரில் சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர், இராணுவத்தின் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் மீண்டும் பழைய தீனிக்கே திரும்பின; பிழைத்தும் கொண்டன. அந்தச் சமையற்காரரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஆயினும், அவருடைய பிடிவாதத்திற்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.

நெல்மணியின் வெளிப்புறத்தில் இருப்பது உமி. உமியை நீக்கினால் பழுப்பு நிறமான மெல்லிய தவிட்டுத் தோலும் நுனியில் முளைக்கருவும் தெரியும். உள்ளே இருக்கும் வெண்மையான பகுதி பெரும்பாலும் மாவுச்சத்து. உலக்கையால் குத்திய அரிசியில் தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும். நீராவி ஆலைகள் வந்தபின் அது முற்றாகத் தீட்டப்பட்டது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி விரைவில் சிக்குவாடை அடிக்கும். தீட்டிய அரிசியோ நெடுநாள் கெடாது. பார்வைக்கும் அழகு. எனவே படைக்கும் சிறைக்கும் கப்பலுக்கும் அதுவே ஏற்றது என்று வாங்கினர்.

எய்க்மன் கோழிகளை மீண்டும் சோதித்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் சில வாரங்களில் நோயுற்றன. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்ததும் குணமடைந்தன. இங்கே அவர் ஒரு பிழையான முடிவுக்கு வந்தார். மாவுச்சத்திலிருந்து ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது. தவிடு அந்நஞ்சை முறிக்கிறது என்று விளக்கம் கூறினார். கிருமியைத் தேடிப் பழகிய அவருக்கு, நோய் என்றால் உடலுக்குள் ஏதேனும் நுழைந்திருக்க வேண்டும். ஏதோ ஒன்று இல்லாமையாலும் நோய் வரலாம் என்ற எண்ணம் அன்று அரிதாகவே இருந்தது.

கோழிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? எய்க்மனின் முடிவுகளை அறிந்த சுகாதார ஆய்வாளர் ஃபோர்டர்மன் இக்கேள்விக்கு விடை தேடினார். ஜாவாச் சிறைகளில் அந்தந்த வட்டார வழக்கப்படி வெவ்வேறு அரிசி சமைக்கப்பட்டது. அவர் 101 சிறைகளின் விவரங்களைத் திரட்டினார். தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36இல் பெரிபெரி இருந்தது. தவிடு நீக்காத அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே இருந்தது. கட்டடத்தின் பழைமை, காற்றோட்டம், இடநெருக்கடி ஆகியவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்பதும் புலனாயிற்று. கோழிக்கூண்டில் கண்டது கைதிகளின் உயிரைக் காக்கும் செய்தியாக மாறியது.

உடல்நலம் குன்றியதால் எய்க்மன் 1896இல் நெதர்லாந்து திரும்பினார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பத்தாவியாவில் அவருடைய ஆய்வைத் தொடர்ந்தவர் ஜெரிட் க்ரெய்ன்ஸ். பச்சைப் பயறு கொடுத்தாலும் கோழிகள் குணமடைவதை க்ரெய்ன்ஸ் கண்டார். மாவுச்சத்தே இல்லாத, நன்கு சூடாக்கிய இறைச்சியை மட்டும் தின்ற கோழிகளும் நோயுற்றன. அப்படியானால் மாவுச்சத்து நஞ்சாகிறது என்பது எப்படிச் சரியாகும்? உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் தவிட்டிலும் பயற்றிலும் இருக்கிறது. அது கிடைக்காதபோதே நோய் வருகிறது என்று 1901இல் அவர் அறிவித்தார். எய்க்மன் இதனை உடனே ஏற்கவில்லை. தம் கருத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்தார். ஆனால், சான்றுகள் பெருகியபோது பிற்காலத்தில் க்ரெய்ன்ஸின் விளக்கத்தையே ஒப்புக்கொண்டார்.

அச்சான்றுகளுள் சில மலாயாவிலிருந்து வந்தவை. இங்கு ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் தீட்டிய பச்சரிசியை உண்டனர். பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடமோ இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கவனித்தார். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. பாட்டிமார் வழிவழியாகச் செய்துவந்த ஒரு வேலை, காரணம் தெரியாமலேயே பல உயிர்களைக் காத்து வந்தது. 1905இல் டாக்டர் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி இருவகை அரிசியையும் சோதித்தார். பச்சரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் ஜாவாத் தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தி, தீட்டும்போது இழக்கப்படும் பொருளே நோயைத் தடுக்கிறது என்று உறுதிப்படுத்தினர்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1926இல், எய்க்மன் முன்பு பணியாற்றிய அதே பத்தாவியா ஆய்வுக்கூடத்தில், யான்சன், டோனாத் என்னும் இருவர் அதனைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தனர். சிறிதளவு படிகத்தை உத்ரெக்டில் இருந்த முதியவர் எய்க்மனுக்கு அனுப்பினர். அவர் அதனை நோயுற்ற பறவைகளுக்குக் கொடுத்துச் சோதித்து, அவை குணமடைவதை உறுதிசெய்தார். இன்று நாம் அதனை வைட்டமின் பி1 என்கிறோம். தீட்டிய அரிசியை மக்கள் இன்றும் கைவிடவில்லை. அதனால்தான் விஞ்ஞானிகள் நெல்லின் மரபணுக்களை ஆராய்ந்து, தீட்டினாலும் நீங்காதவாறு மணியின் உட்பகுதியிலேயே சத்தைச் சேர்க்க முயல்கின்றனர். வைட்டமின் ஏ உருவாவதற்கு உதவும் மஞ்சள் நிறப் பொருளைக் கொண்ட பொன்னரிசி இம்முயற்சிகளுள் ஒன்று.

1929ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு எய்க்மனுக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாப்கின்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. க்ரெய்ன்ஸுக்கு அதில் பங்கு இல்லாதது ஒரு குறையே. நோயுற்றிருந்த எய்க்மனால் பரிசைப் பெற ஸ்டாக்ஹோம் செல்ல இயலவில்லை. மறு ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் உத்ரெக்டில் அவர் காலமானார். 1938இல் பத்தாவியா ஆய்வுக்கூடத்திற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.