அலெக்ஸாந்தர் ஹம்போல்ட்

இயற்கைப் பொருள்களைத் தனித்தனியே ஆராய்ந்து பெயரிட்டு வைத்தோர் பலர். அவை ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையை ஆராயப் புகுந்தோர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் அலெக்ஸாந்தர் பான் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர்.

இவர் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பெர்லின் நகரிற் பிறந்தார். பத்தாண்டு நிரம்புமுன்னரே தந்தையை இழந்தார். இளமையிற் பூக்களையும் பூச்சிகளையும் சிப்பிகளையும் திரட்டுவதிலேயே இவர் மனம் சென்றது. அன்னையாரோ அரசாங்க உத்தியோகத்தையே விரும்பினார். அதற்கிணங்கிச் சுரங்கங்களின் மேற்பார்வையாளராய்ச் சில்லாண்டு பணியாற்றினார். 1796-இல் அன்னையார் காலமாகவே, தம் பங்கிற்கு வந்த பெருஞ்செல்வத்தை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி, 1799-இல் போன்ப்லான் என்னும் தாவர நூலறிஞருடன் ஸ்பெயினினின்றும் தென்னமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

1800-இல் வெனிஸுவேலா நாட்டு வலென்சியா ஏரியை அடைந்தார். அதன் நீர் சில்லாண்டுகளாகவே குறைந்து வந்தது. நிலத்தின்கீழ் மறைவழியொன்றால் நீர் ஒழுகுகின்றதென அங்குள்ளார் பலர் கருதினர். ஹம்போல்ட் அதனை ஏற்றிலர். சூழ்ந்த மலைகளின் மரங்கள் வெட்டுண்டதனையும், ஏரியிற் கலக்கும் ஓடைகள் அவுரி முதலிய பயிர்களுக்குத் திருப்பப்பட்டதனையும் கண்டு, நீர் குறைதற்குக் காரணம் மாந்தர் செயலே எனத் துணிந்தார். மரமடர்ந்தவிடத்து நிலம் ஈரங்காக்கும். மழைநீர் மெல்ல உள்ளிறங்கி ஊற்றாகும். மரமொழிந்தவிடத்தோ அந்நீரே மண்ணை வாரிக்கொண்டு வெள்ளமாய்ப் பாய்ந்தோடும், ஊற்றும் வறளும். பின்னர் விடுதலைப் போர் மூண்டு பண்ணைகள் பாழாயின. காடு மீண்டும் தழைத்தது. 1822-இல் அங்குச் சென்ற புஸ்ஸேங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஏரிநீர் உயர்ந்திருக்கக் கண்டார்.

1802-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், அக்காலத்தார் உலகின் மிகவுயர்ந்த மலையென்று நம்பிய சிம்பொராஸோவில் ஏறினார். ஏறக்குறைய 19,000 அடி உயரத்தில் ஒரு பெரும் பிளவு குறுக்கிடவே, உச்சியை எட்டாது மீண்டார். எனினும் அவர் பெற்ற பேறு உச்சியினும் உயர்ந்தது. அடிவாரத்துப் பனையினமும், மேலே குளிர்நாட்டு மரங்களும், அவற்றின்மேல் குறும்புதர்களும், பனிக்கட்டி எல்லையிற் பாறை தழுவிய பாசியினமும் தம்முள் முறைமாறாது நிற்பதனைப் பாரமானி, உஷ்ணமானிகளின் அளவுகளோடு பொருத்தி, 1807-இல் ஒரே படமாக வரைந்து வெளியிட்டார். தமிழ் மாணாக்கர் நிலத்தையும் அதன் கருப்பொருளையும் பிரித்தெண்ணார். அவற்றை இணைக்கும் காரணங்களை அளவிட்டுக் காட்டியவர் இவர். 1817-இல் வெப்பம் ஒத்த இடங்களைக் கோடுகளால் இணைத்துப் படமமைத்ததும் இவரே.

இமயத்தைக் காணவும் பெரிதும் விழைந்தார். கிழக்கிந்தியக் கும்பெனியார் இசைவு கிட்டாமையின் அவ்விழைவு நிறைவேறிற்றில்லை. ஆயினும் தளராது, 1829-இல் ருஷியப் பேரரசினூடே சைபீரியா வரை சென்று மீண்டார். 1845 முதல் கோஸ்மாஸ் என்னும் பெருநூலை வெளியிடலானார். செல்வமெல்லாம் பயணத்திலும் நூற்பதிப்பிலும் கரைந்துபோக, முதுமையிற் பிரஷ்ய மன்னர் அளித்த ஊதியங்கொண்டே வாழ்ந்து, 1859-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

உயிர்களுக்கும் அவை வாழும் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் கலைக்கு ஹேக்கெல் என்பார் 1866-இல் தனிப்பெயர் சூட்டினார். பெயர் பிறக்குமுன்னரே அக்கலைக்கு வழிவகுத்தவர் ஹம்போல்ட். மலைமேல் மரம் வீழ்த்துவோன் மருதநிலத்து உழவனின் நீரையும் வீழ்த்துகின்றான் என்பது அவர் வாழ்க்கை உணர்த்தும் உண்மை. கோடரியை எடுக்குமுன் ஊற்றை நினைத்தல் நம்மனோர் கடனாகும்.