உயிர் விறகைக் கண்ட டாக்டர்

திண்டிவனத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது மரக்காணம். அதை அடுத்து எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமம்.

2023-ம் ஆண்டு மே மாதம் அந்தக் குப்பத்தில் அழுகுரல் எழுந்தது. கள்ளச்சாராயம் குடித்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். பலரை விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு ஆகிய 2 மாவட்டங்களிலும் 20-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சாராயத்தில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் விஷம் அது.

அந்த விஷம் உடம்புக்குள் எதை அழிக்கிறது? அதை அறிய, சென்னையில் படித்த டாக்டர் ஒருவரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் சுப்பாராவ்!

காசிக்கு ஓட்டம்

1895-ம் ஆண்டு ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறுவனாக இருந்தபோது, காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். தாயார் பிடித்து வந்து படிக்க வைத்தார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜி சொன்னபடி கதர் உடுத்தினார். அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல் போயிற்று.

உடன்பிறந்தவர்கள் 2 பேர், குடலைக் கெடுக்கும் 'ஸ்புரூ' நோயில் இறந்தார்கள். அதற்கு மருந்து காணாமல் விடுவதில்லை என்று உறுதி கொண்டார். கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டு அமெரிக்காவுக்குப் போனார். பிறந்த குழந்தை இறந்துவிட்டது. கணவரை அந்த அம்மாள் மறுபடியும் பார்க்கவே இல்லை.

உடம்பின் விறகு

அங்கே இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, பகலில் ஆராய்ச்சி. 1929-ல் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, தசையில் 'ஏ.டி.பி.' என்ற பொருளைக் கண்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைக் கண்டார்.

கை அசைய, கண் பார்க்க, இருதயம் துடிக்க ஏ.டி.பி.தான் விறகு! அந்த விறகைத் தயார் செய்யும் அடுப்பு, 'மைட்டோகாண்டிரியா' என்ற நுண்ணிய உறுப்பு என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

1940-ல் சுப்பாராவ் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவருடைய குழு 'போலிக் அமிலம்' என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்து காட்டியது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கும் அவருடைய குழு மாத்திரை கண்டது.

1948-ல் நியூயார்க்கில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 53. தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

அணையும் அடுப்பு

மெத்தனால் ஈரலுக்குப் போனதும் 'பார்மிக் அமிலம்' ஆகிறது. எறும்புக் கடியில் இருக்கும் அதே அமிலம்! அது மைட்டோகாண்டிரியாவைப் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது. மூச்சு ஓடினாலும் உயிர் அடுப்பு அணைகிறது. கண் நரம்பு சீக்கிரமே கெடுகிறது. பிழைத்தவர்களிலும் சிலர் குருடாவது இதனால்தான்.

விஷத்தை முறிக்கும் மருந்தும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் 'டயாலிசிஸ்' சிகிச்சையும் உயிரைக் காக்கின்றன. இவற்றுடன் டாக்டர்கள் போலிக் அமிலமும் கொடுக்கிறார்கள். பார்மிக் அமிலம் சிதைய அது துணை செய்கிறது. ஆம், சுப்பாராவின் அதே வைட்டமின்தான்!

ஆனால் நேரம் முக்கியம். விஷம் சில மணி நேரம் ஒளிந்திருந்துதான் வேலை காட்டும். குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிறு வலித்தால், தூங்கினால் சரியாகும் என்று இருந்துவிடக் கூடாது. போலீசுக்குப் பயந்து மறைக்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அடுப்பு முழுதும் அணைந்த பிறகு, எந்த டாக்டராலும் அதை மூட்ட முடியாது.