மனு எழுதி வழி திறந்தவர்: இரட்டைமலை சீனிவாசனார்

அரசின் கொள்கைகள் ஆள்வோரின் உள்ளத்திலிருந்து மட்டும் பிறப்பவை அல்ல. நிலமுடையோரும் வணிகரும் பட்டம் பெற்றோரும் தனித்தனியே சங்கம் கூட்டி, மனு எழுதி, ஆள்வோரை நேரிற் கண்டு, தத்தம் நலத்துக்கேற்ப அரசை இணங்கச் செய்ய முயல்வது எக்காலத்தும் உள்ள வழக்கம். செல்வமும் செல்வாக்கும் இல்லாத மக்கள் இதனை எங்ஙனம் செய்வது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வைப் பயிலுதல் வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த சீனிவாசனார், கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அங்குப் பயின்ற மாணவர் ஏறத்தாழ 400 பேரில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதி வெளிப்பட்டால் இழிவு நேருமோ என்னும் அச்சத்தால், மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவதும், பள்ளி விட்டதும் எவரும் உடன் வாராதபடி விரைந்து நடந்து வீடு சேர்வதும் அவருக்கு வழக்கமாயின. தனித்து நிற்பவன் அஞ்சியே வாழ நேரும் என்பதை அவர் அன்றே உணர்ந்தார் போலும்.

நீலகிரியில் ஆங்கிலேய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றிய பின், 1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பண்டிதர் அயோத்திதாசர் இவருடைய தமக்கையாரோ தங்கையாரோ ஒருவரை மணந்த உறவினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவிய சீனிவாசனார், 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்களே கொண்ட அவ்விதழின் விலை இரண்டணா. பிறர் இழிவாக வழங்கிய பெயரையே இதழின் பெயராக்கியமை அவரது துணிவுக்குச் சான்று.

அவ்வாண்டிலேயே ஒரு சோதனை வந்தது. இந்திய சிவில் பணித் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் எனக் காங்கிரசு கோரி வந்தது. அக்கட்சிக்கு இலண்டனில் ஒரு குழு இருந்தது. பாராளுமன்றத்தில் தாதாபாய் நௌரோஜி உறுப்பினராக இருந்தார். 1893 ஜூனில் காமன்ஸ் சபையும் அக்கோரிக்கைக்கு இசைந்தது. கல்வியும் பதவியும் ஒரு சாராரிடமே குவிந்துள்ள நாட்டில் அத்தேர்வு நடந்தால், அவர்களே மேலதிகாரிகளாகவும் அமர்வர் என்றும், தம் மக்களுக்கு முறையிட இடமிராது என்றும் சீனிவாசனார் கருதினார். டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டப்பெற்றது. 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு, பாராளுமன்ற உறுப்பினர் ஜெனரல் செஸ்னியின் வாயிலாக அனுப்பப்பெற்றது. தமக்கென ஓர் உறுப்பினர் இல்லாத மக்கள், பிறர் ஒருவர் கைவழியே தம் குரலைக் கடல் கடத்தினர்.

அத்தேர்வு இந்தியாவில் நடைபெறத் தொடங்கியது 1922இல்தான். இத்தாமதத்துக்கு அம்மனு ஒன்றே காரணம் என்று நாம் கூறமாட்டோம். மாகாண அரசுகள் பலவும் எதிர்த்தன. நாட்டின் பொது உரிமைக்குக் குறுக்கே நின்றார் என அவரைக் குறை கூறுவோரும் உளர். ஆயின் பொது உரிமை என்பது எவர் வாசல் வரை வரும் என்று கேட்பதும் குடிமகனின் உரிமையே.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பிய அவர், 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார். வெளியே நின்று மனுக் கொடுத்தவர் உள்ளே அமர்ந்து தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவை எல்லாச் சாதியார்க்கும் உரியன என்னும் அவருடைய தீர்மானம் 1924 ஆகஸ்டில் நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணையும் பிறந்தது. ஆணை பிறந்த அன்றே ஊர்க்கிணறு திறந்துவிடவில்லை. எம். சி. ராஜா கொணர்ந்த சமூக இயலாமை நீக்கச் சட்டம் 1938இல் தேவைப்பட்டதே இதற்குச் சான்று. எனினும், வழியில் தடுக்கப்பட்டவன் எடுத்துக்காட்டத்தக்க அரசின் சொல் ஒன்று முதன்முதலாக அவனுக்குக் கிடைத்தது.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கான அரசியல் பாதுகாப்புகளை இருவருமாக எழுத்தில் வரைந்து அளித்தார். 1932 ஆகஸ்டில் தனித்தொகுதி வழங்கப்பெற்றது. செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் அதனை மாற்றியது. தனித்தொகுதி போயிற்று, சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்களோ 18இலிருந்து 30 ஆயின. அவ்வொப்பந்தத்தில் சீனிவாசனாரும் கையொப்பமிட்டார். கேட்டது முழுவதும் கிட்டாத போதும் கிட்டியதைக் கைவிடாமை அவர் இயல்பு. 1945 செப்டம்பர் 18இல் அவர் மறைந்தார்.

நாம் தலைமையாசிரியராக இருந்த ஓரூரில், மழைக்காலத்தில் காலனிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் பாதை நீரில் மூழ்கிவிடும். ஒரு தந்தை மும்முறை மனுக் கொடுத்தார், மறுமொழி இல்லை. நான்காம் முறை நாற்பது பேர் கையொப்பமிட்டனர். அளவெடுக்க ஆள் வந்தார். அவர்களுள் தம் பெயரைத் தாமே எழுதத் தெரிந்தோர் பெரும்பாலும் நம் பழைய மாணவர்களே.

வெள்ளி விழாக் காணும் இக்கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவதும் இப்பணியே அன்றோ? கல்வி தனி ஒருவனுக்கு வேலை தேடித் தருவதோடு அமையாது. பலர் ஒன்றுகூடித் தம் குறையை எழுதவும், வந்த ஆணையைப் படிக்கவும், அது நடைமுறைக்கு வரும்வரை பின்தொடரவும் அதுவே வலிமை தரும். அன்று மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே காத்து நின்ற சிறுவரை நினைந்து, அடுத்த தலைமுறையை அவ்வலிமையுடன் வளர்ப்போமாக.