விளக்கும் கணக்கும்

கையில் விளக்கேந்தி இரவெல்லாம் நோயாளிகளைச் சுற்றி வந்த சீமாட்டி என்றதும், புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் உருவம் நம் மனக்கண் முன் தோன்றும். விளக்கேந்திய அதே கை கணக்கும் எழுதியது. அக்கணக்கு காத்த உயிர்கள் எண்ணற்றவை.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில் செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் சூட்டினர். சிறு வயதிலேயே கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டார். நோயாளிக்குத் தொண்டு செய்வதை இழிவாக எண்ணிய காலம் அது. வீட்டார் தடுத்தும் மனம் தளராது, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் செவிலியர் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போர் மூண்டது. 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி படை மருத்துவமனையை அடைந்தார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். துணி துவைத்தனர், நல்லுணவு சமைத்தனர், காயங்களுக்குக் கட்டுப் போட்டனர். ஆயினும் அக்குளிர்காலத்தில் சாவு பெருகிக்கொண்டே போயிற்று. காரணம், கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடை! 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் அதைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்திற்கும் வழி செய்தனர். சில மாதங்களில் சாவு வெகுவாகக் குறைந்தது.

1856இல் தாயகம் திரும்பிய அம்மையார், வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணையோடு இறந்தோர் கணக்கை ஆராய்ந்தார். காயத்தால் மாண்டவரைவிட, தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டவரே பன்மடங்கு! தம் கண்ணெதிரே மாண்டவர்களும் அவர்களுள் அடக்கம் என்பது அவர் நெஞ்சை வாட்டியது. ஆனாலும் அவர் அதை மறைக்கவில்லை. வெறும் எண்களை ஆட்சியாளர் புரட்டியும் பாரார் என்று உணர்ந்து, பார்த்தவுடன் விளங்கும் வண்ணப் படங்களாக வரைந்தளித்தார். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

அடுத்து அவர் பார்வை இந்தியாவின்மேல் விழுந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். உடல் நலிந்து கட்டிலில் கிடந்தபடியே, ஒவ்வொரு படைமுகாமுக்கும் கேள்வித்தாள் அனுப்பிக் குடிநீர், சாக்கடை பற்றிய விவரங்களைத் திரட்டினார். 1864இல் கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்றிலும் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. 1873க்குள் அந்த 69 என்பது 18 ஆகக் குறைந்தது. பிறகு அவர் நம் கிராமத்து எளிய மக்களின் நலத்துக்காகவும் ஓயாது எழுதினார். அவர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை என்பது வியப்பன்றோ!

சட்டமும் அறிக்கையும் மட்டும் போதா. வீட்டுத் தாய்மார் மனம் வைத்தால்தான் சுகாதாரம் நிலைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் 1892இல், தம் 72ஆம் வயதில், இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர் கிராமங்களில் ஒரு புதிய திட்டத்துக்குத் துணைநின்றார். பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகச் சென்று, தாய்மாரோடு தோழியராய்ப் பழகி, தூய்மையைச் செய்தே காட்டினர்.

1910 ஆகஸ்டு 13ஆம் நாள், 90ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

அன்புத் தோழியரே! நோயுற்றோர்மீது இரக்கம் நமக்கும் உண்டு. அந்த இரக்கத்தோடு, நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடும் அறிவும், அதைத் தீர்க்கும்வரை விடாத உறுதியும் சேரட்டும். நாம் கற்கும் கணக்கும் அப்போது பிறர்க்கு விளக்காகும்!