மொழி வரமும் புனித சவேரியாரும்

1506-ல் நவார் நாட்டில் பிறந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1542-ல் நம் முத்துக்குளித்துறை வந்தார். கற்காமலே பல மொழி பேசும் வரம் பெற்றவர் என்று பிற்காலத்தார் அவரைப் போற்றினர். அவருடைய கடிதங்களிலோ அவர் தமிழுக்காகப் பட்ட பாட்டையே காண்கிறோம். இருமொழி அறிந்தோரைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று கற்பித்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்தார். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரம் சான்சியான் தீவில் உயிர்நீத்தார்.

அந்நிய பாஷை பேசாதவர்க்கு மீட்பில்லை எனச் சில பெந்தெகொஸ்தே சபையார் போதிக்கின்றனர். அதுகேட்டு நாம் கலங்க வேண்டாம். அது தூய ஆவியார் தரும் வரங்களுள் ஒன்று; எல்லார்க்கும் அருளப்படுவதில்லை என்று புனித பவுலும் கற்பித்தார். சவேரியாரை வழிநடத்திய அன்பு வரத்தை நாமும் கேட்டு மன்றாடுவோமாக.